மூன்றாவது குழியில் வந்த தண்ணீர்

கண்ணு,

புது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், அறை கிடைத்துவிட்டதாகவும், மெஸ்ஸில் எண்ணெய் அதிகம் என்றும் செய்தி அனுப்பியிருந்தாய். உன் அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "போய் எறங்கினதும் சாப்பாட்டுப் புராணம் ஆரம்பிச்சிட்டான் பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிற மகன் வேறு எதையோ எழுதாமல் விடுகிறான் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றுவது என் குணம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டு நகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். வங்கியிலிருந்து போன் வந்தால் எந்த வங்கி என்று அவர்களையே இரண்டு முறை சொல்லவைப்பேன். "கோயில்ல குடுக்கற துண்ணூறயே மோந்து பாக்கறவ இவ" என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன், முகர்ந்து பார்த்துப் பார்த்து. அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

எல்லோரும் படிக்கும்படி இதை எழுதலாமா என்று உன்னிடம் கேட்டேன். "பேரு போடாதம்மா" என்றாய். போடவில்லை. ஊர்ப் பெயரும் போடவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையைப் பார்க்கப் போகிற சாலையில், மலை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளட்டும். நம் ஊர்க்காரி ஒருத்தியை அஞ்சலை என்று நான் எழுதப்போவதும் அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிறவள் அல்ல நான் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன் கூடவே வளர்ந்து, நீ பள்ளிக்குப் போனபோது நானும் தபாலில் பட்டம் படித்து, நூலகப் புத்தகங்களோடு பேசிப் பழகியவள். மனிதர்களோடு குறைவாகத்தான் பேசினேன். ஆனால் உன்னைப் பற்றி ஊரில் இப்போது இரண்டு கதைகள் உலாவுகின்றன. கம்பெனிக்காக ஊரை ஏமாற்றப் பார்த்தவன் என்று ஒரு கதை. ஊருக்காகக் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவன் என்று இன்னொரு கதை. இரண்டையும் நான் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ என்ன வேலைக்குப் போனாய் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைத்த அன்று, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த வயலுக்கே வந்து எங்களுக்கு விளக்கினாய். பகல் வெயிலில் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டுகின்றன, காற்றாலைகளும் காற்றடிக்கும் மாதங்களில் கொட்டுகின்றன, ஆனால் ஊரே விளக்குப் போடுகிற நேரத்தில் சூரியன் இருப்பதில்லை, மிஞ்சியதைச் சேர்த்துவைக்க இடமில்லை என்றாய். நான் கையிலிருந்த கிழங்கைக் காட்டி, "இதப் போலன்னு சொல்லு" என்றேன். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் கிடந்தால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். அதனால்தான் மில்லுக்கு ஓட்டிப்போய் அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிறோம். ஜவ்வரிசி மாதக்கணக்கில் கிடக்கும். நீ குதித்தாய். "அதேதாம்மா! மிச்சக் கரண்ட்ட வச்சித் தண்ணியப் பிரிச்சா ஹைட்ரஜன் கெடைக்கும். அதப் பூமிக்குள்ள அடச்சி வச்சிக்கினு, வேணும்போது எடுத்துத் திரும்பக் கரண்ட்டாக்கிக்கலாம்." கிழங்கை ஜவ்வரிசி ஆக்கும்போது தோலும், அரைத்து மிஞ்சுகிற சக்கையான திப்பியும் கழிந்துபோகிறதே, இதில் எவ்வளவு கழியும் என்று கேட்டேன். பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் கேட்டதால் சொன்னாய் என்பதையும் அப்போதே மனதில் வாங்கிக்கொண்டேன்.

வெளிநாடுகளில் உப்புப் படிவத்துக்குள் குடைந்து அடைத்து வைக்கிறார்களாம். நமக்கு அந்த உப்பு இல்லை. நமக்கு இருப்பது பாறை. மலையடிவாரத்துக் கருங்கல்லுக்குள் சுரங்கம் போட்டு, கோயில் மண்டபம் போல ஒரு குகை குடைந்து, அதன் உட்சுவரில் காங்கிரீட் பூசி, இரும்புத் தகடு போர்த்தி, அதற்குள் வாயுவை அழுத்தி வைப்பது உங்கள் திட்டம். அதற்கு வெடிப்பில்லாத, இறுகிய பாறை வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து இடத்தில் ஆழக் குழி போட்டுப் பாறையை உருளை உருளையாக எடுத்துப் பார்ப்பீர்கள். சுரங்கத்தின் வாய் வரவேண்டிய இடம் அஞ்சலையின் காடு. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மேட்டு நிலத்தை நாம் அப்படித்தான் சொல்வோம். ஓரத்தில் அவளுடைய கிணறு. அந்தக் கிணற்றை நம்பித்தான் அவள் கிழங்கும் கொஞ்சம் மஞ்சளும் வைக்கிறாள். கீழே இருக்கிற நம் கிணறு உட்பட இன்னும் சில கிணறுகளுக்கும் அதே பக்கத்திலிருந்துதான் ஊற்று வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். நினைக்கிறோம், அவ்வளவுதான். யாரும் பார்த்ததில்லை.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. உன் மேலாளர் வெள்ளைச் சட்டையோடு வந்து சுவரில் படம் காட்டினார். ஊரில் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் மலையே வெடித்துச் சிதறுகிற ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் எல்லோரும் அதையே கேட்டார்கள். "வெடிக்குமா சார்?" என்று ஒருவர். "சார், கேஸுன்றீங்களே, வூட்டுக்கு வூடு பைப்பு போட்டுக் குடுப்பீங்களா?" என்று இன்னொருவர். இது சமைக்கிற கேஸ் இல்லை என்று அவர் சொன்னதும், "அப்ப வெடிக்கறதுன்னா எங்களுக்கு, எரியறதுன்னா மெட்ராஸ்காரனுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. உன் மேலாளரும் சிரித்தார், நீயும் சிரித்தாய். பிறகு அவர் வெடிக்காது என்பதற்கான காரணங்களை வெகு அழகாக அடுக்கினார். உள்ளே காற்றில்லாமல் நெருப்புப் பிடிக்காது, இரும்புக்கு மேல் காங்கிரீட், அதற்கு மேல் இவ்வளவு பாறை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தக் கேள்வி இவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று பட்டது. பதில் கையிலேயே இருக்கிற கேள்வி யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வெடிப்புப் படத்தை யார் முதலில் அனுப்பினார்கள் என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. அது அதிகப்படியான சந்தேகம் என்று உடனே எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணீரைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குகை குடையும்போது பாறையில் கசிகிற நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும், இரும்புத் தகட்டுக்குப் பின்னால் நீரின் அழுத்தம் சேராமலிருக்க வடிகால் வைப்பார்கள் என்பதையும், வீட்டுக்கு வந்தபிறகு நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உனக்கு ஏழெட்டு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டை மேய்க்க அனுப்பினேன். நீ விளையாட்டு மும்முரத்தில் அதை மில்லுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டாய். அது ஆட்டுக்கு விஷமான பச்சைக் கிழங்குத் தோலைத் தின்றுவிட்டது. மாலையில் வயிறு உப்பித் துடித்தது. "ஆட்ட எங்கடா மேய்ச்ச?" என்று உன் அப்பா கேட்டார். "ஏரிக்கரையிலப்பா" என்றாய். அது பொய்யில்லை. காலையில் ஏரிக்கரையில்தான் மேய்ந்தது. அதற்குப் பிறகு எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை. நாங்கள் ஏதோ பாம்பு தீண்டியிருக்கிறது என்று நினைத்து அதற்கான வைத்தியம் பார்த்தோம். ஆடு செத்துப்போனது. மறுநாள் அழுதுகொண்டே வந்து சொன்னாய். உன் அப்பா, பொய் சொல்லவில்லையே, கேட்டதற்குச் சரியாகத்தானே பதில் சொன்னான் என்று உன்னை அணைத்துக்கொண்டார். எனக்கு அன்று அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிற பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இனி மூன்றாவது குழிக்கு வருகிறேன். முதல் இரண்டு குழிகளும் காய்ந்த பாறை. மூன்றாவதை அஞ்சலையின் காட்டு மூலையில் போட்டீர்கள். உங்கள் இயந்திரம் குழி போடும்போது சூடு தணியத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்கு டேங்கர் லாரி தினமும் வந்து போனது. நம் ஊரில் எந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டாலும், அது யாருடையதாக இருந்தாலும், தண்ணீர் எழும்பியவுடன் அந்த வீட்டுப் பெண் மஞ்சள் குங்குமத்தோடு ஓடிப்போய் முதல் தண்ணீருக்குக் கற்பூரம் காட்டுவாள். இது போர் இல்லை, வெறும் பரிசோதனைக் குழி என்று நீ பலமுறை சொல்லியும் அஞ்சலை கேட்கவில்லை. கற்பூரப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது. அவள் களைக்கொத்தை வீசிவிட்டு ஓடினாள். "டேய் தம்பிங்களா, செருப்பக் கழட்டுங்கடா! கங்கம்மா வந்துட்டாடா!" என்று அவள் போட்ட சத்தம் எனக்கு வீடுவரை கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் கரைந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்த பையன்கள் வடநாட்டுக்காரர்கள், பாஷை புரியாவிட்டாலும் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். குழி வேலையின் மேற்பார்வையாளர் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர்போலப் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். தண்ணீர் வந்ததற்கு ஒரு மனிதர் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார் என்று அஞ்சலைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நமக்கு அது பாக்கியம். உங்களுக்கு அது பாறையில் வெடிப்பு. நீயும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாய். அஞ்சலை உன் நெற்றியில் குங்குமம் வைத்தாள், நீ வாங்கிக்கொண்டாய்.

மறுநாள் சிமெண்ட்டைக் கரைத்து அந்தக் குழிக்குள் ஊற்றி மூடிவிட்டீர்கள். அஞ்சலை நம் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஏம்மா, தண்ணி வந்த குழிய யாருனா மூடுவாங்களா? கண்ண மூடற மாதிரி இல்ல இருக்குது?" உன்னிடம் போனில் கேட்டேன். "அது வழக்கமா செய்யறதுதான்மா" என்றாய். எந்த வழக்கம் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. சிக்னல்தான் போனதா என்றும் யோசித்தேன்.

அடுத்த கூட்டத்தில் யாரோ அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். உன் மேலாளர் சிரித்துக்கொண்டே, அது பூமித் தண்ணீர் இல்லை, நாங்கள் லாரியில் கொண்டுவந்து உள்ளே விட்ட தண்ணீர்தான் திரும்பி மேலே வந்தது, பாறையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது என்றார். பிறகு எல்லோரும் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, அது வாரக்கணக்கில் ஓயவில்லை. டேங்கர் லாரி தெருவில் போனால், "இன்னா அஞ்சல, லாரி வந்துக்கினு இருக்குது, கற்பூரம் எடுத்தாரலியா?" ரேஷன் கடையில், "கொழாயில தண்ணி வருதாம், ஓடு, தேங்கா ஒட." எதிர்த்து நாலு வார்த்தை கேட்கிறவள் அவள். இதற்கு மட்டும் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு போவாள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "ஏம்மா, அன்னிக்கி இன்ஜின் நின்னுக்கினு இருந்துச்சு. பசங்க தூக்குவாளியப் பிரிச்சி சாப்ட்டுக்கினு இருந்தானுங்க. ஓடாத மோட்டாரு தண்ணியத் தள்ளுமா? நான் இன்னா பச்சக் கொழந்தையா?" பிறகு, "உன் மவன் பக்கத்துலதான நின்னான். அவனே ஒண்ணும் சொல்லலன்னா, எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சோ இன்னாவோ" என்றாள். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "நெலத்துக்கு ஒப்புதல் கேக்கறாங்க. நீ ஒண்ணும் சொல்லாம இருக்கற. படிச்சவ நீயே சும்மா இருந்தா சரியாத்தான் இருக்கும்னு ஊரே பேசிக்கினு இருக்குது. உன் மவன் பாத்துக்குவான். நான் சரின்னு சொல்லிடறேன்."

நான் வாயைத் திறக்காமல் இருந்ததையே என் சம்மதமாக ஊர் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒதுங்கி இருப்பது நம்முடைய சொந்த விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருத்தரும் அப்படி நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். தோசை ஊற்றிப் போட்டுக்கொண்டே கேட்டேன். நான்காவது தோசை வரை காத்திருந்தேன், வயிறு நிறைந்தால் நீ சுற்றி வளைக்க மாட்டாய் என்று. இன்ஜின் நின்ற பிறகுதான் தண்ணீர் வந்ததா என்று நேராகக் கேட்டேன். நேராகக் கேட்டதால் நேராகச் சொன்னாய்.

"ஆமாம்மா. அது தானா வந்ததுதான். பாறையில ஒரு வெடிப்பு இருக்குது. அதுல தண்ணி ஓடுது."

"அப்ப சிமெண்ட்டு போட்டு எதுக்கு மூடினீங்க?"

"அது சரிதாம்மா. மூடலன்னா தண்ணி வீணா வெளிய ஓடிக்கினே இருக்கும். கெணத்துக்குத்தான் நஷ்டம்."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. வாரக்கணக்கில் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சிமெண்ட்டில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் சிமெண்ட்டுக்குப் பிறகு பேசிய பேச்சில் இருந்தது.

"லாரித் தண்ணின்னு உங்க சார் சொன்னாரே?"

"அவரு அன்னிக்கி அங்க இல்ல. தண்ணின்னு சொன்னா ஜனங்க அதயே புடிச்சிக்குவாங்கம்மா. குகைய வேற பக்கம் தள்ளிக் குடையலாமான்னு பாத்துக்கினு இருக்கோம். முடிவாவறதுக்குள்ள எதுக்குக் கலாட்டான்னு வுட்டுட்டாங்க."

"நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"என்ன யாரும் கேக்கலியேம்மா."

கரண்டியைக் கீழே வைத்தேன். நான் பரீட்சை எழுத விழுப்புரம் போய்விட்டு வரும்வரை உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு களையெடுத்தவள் அவள். உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இதையெல்லாம் நான் உனக்கு நினைவுபடுத்தவில்லை. உனக்கே தெரியும் என்பது உன் முகத்தில் தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "யம்மா, ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நீ வராதம்மா. எனக்கு வேல போயிடும்." உள்ளே படுத்திருந்த உன் அப்பா எழுந்து வந்தார். "இன்னாடி, பெத்த புள்ள மேலயே சந்தேகமா? அவன் வேலைக்கி ஒல வெச்சிடாத" என்றார். உன் ஹெல்மெட் போட்ட படத்தைப் போனில் வைத்துக்கொண்டு டீக்கடை முழுக்கக் காட்டியவர் அவர். அவருக்குக் கோபம் இல்லை, பயம். எனக்கும் பயம்தான். இந்தக் காலத்தில் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவள் இல்லை நான். நீ செய்கிற வேலை கெட்ட வேலை என்றும் நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க முடியாது. பகலின் மின்சாரத்தை இரவுக்கு யாராவது எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். அதை என் மகன் செய்கிறான் என்பதில் எனக்கு ஒரு ரகசிய மகிழ்ச்சி உண்டு. ஆனால் நல்ல காரியம் என்பதற்காகவே அதைச் சுற்றிச் சின்னதாக ஒன்றை மறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவனுக்குத் தோன்ற ஆரம்பித்தால், எனக்கு அந்தக் காரியத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது.

வந்தேன். நீ வரவேண்டாம் என்ற பிறகும் வந்தேன். அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சமையலறையில் நீ சொன்னதை உன் அனுமதியில்லாமல் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. கேள்வியாக மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். உன் மேலாளர் பழைய பாட்டையே பாடினார். காய்ந்த பாறை, ஒரு சொட்டு ஈரமில்லை, நிலம் கொடுப்பவர்கள் தங்கள் சம்மதத்தைச் சொல்லலாம். அஞ்சலை எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு நான் எழுந்தேன். சபையில் நான் எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பினார்கள். "இன்னாம்மா, மவன் கம்பெனியையே கேள்வி கேக்கப் போறியா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். என் வாயிலிருந்து முதல் சொல் வருவதற்குள் மேலாளரின் கையிலிருந்த மைக்கை வாங்கினாய்.

"அஞ்சலப் பெரிம்மா சொன்னது சரி. அது லாரித் தண்ணி இல்ல, நெலத்தடித் தண்ணி. இன்ஜின் நின்னப்பறம்தான் வந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

உன் மேலாளர் உன்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அஞ்சலை மெதுவாக எழுந்தாள். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "இப்ப எவன்கிட்டடா கற்பூரம் இருக்குது?" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு உன்னிடம் திரும்பினாள்.

"கண்ணு, நீங்க குடைஞ்சா என் கெணறு வத்துமா, வத்தாதா?"

"தெரியல பெரிம்மா. அந்த வெடிப்பு எங்க போவுதுன்னு பாக்கணும். மழைக்காலத்துல ஒருக்கா, கோடையில ஒருக்கா கெணத்த அளக்கணும். இப்பத்திக்கி தெரியல."

"சரி. தெரிஞ்சிக்கினு வா. அப்பறம் கேளு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஒருவரும் சம்மதம் சொல்லவில்லை.

உன்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. வேறு மாநிலத்தில் வேறு பாறைக்கு மாற்றினார்கள். உன் மேலாளரே போன் செய்து, அங்கே பெரிய வேலை, உங்கள் மகனுக்கு நல்ல வாய்ப்பு என்றார். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு இனிப்பு வாங்கி வந்தார். நான் அந்த வார்த்தையை இன்னும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இப்போது இரண்டு பையன்கள் வந்து கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் அளக்கிறார்கள். அளந்த எண்ணை உரக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் போனதும் அஞ்சலை தன் கயிற்றை விட்டுப் பார்த்து, நனைந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். திட்டம் இங்கே வருமா, மலைக்கு அந்தப் பக்கம் போகுமா, போகிற இடத்தில் வேறு யார் கிணறோ, எனக்குத் தெரியாது. வந்தாலும் நான் எதிர்த்துக் கொடி பிடிக்கமாட்டேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீ இருக்கிற ஊரிலும் மேட்டு நிலத்தில் ஒரு பெண் களையெடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு உன் பாஷை தெரியாது, உனக்கு அவள் பாஷை தெரியாது. எதைக் கேட்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் கேட்காததையும் நீயே சொல்லிவிடு. நான் அங்கே வந்து உட்கார முடியாது.

நீ கிளம்பிய அன்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், உன் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது, ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு உன்னிடம் ஒன்று கேட்டேன். அதைக் கேட்காமல் உன்னை அனுப்பியிருக்கலாம், நல்ல தாய் அப்படித்தான் செய்திருப்பாள். "அன்னிக்கி நான் எழுந்து நிக்காம இருந்திருந்தா, நீயாவே சொல்லியிருப்பியா?" டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். ஆமாம் என்று நீ சொல்லியிருந்தால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாய். பஸ் நகர ஆரம்பித்தது.

"தெரியலம்மா" என்றாய்.

நீ பிறந்ததிலிருந்து இன்றுவரை எனக்குச் சொன்ன பதில்களில், நான் ஒருமுறைகூடச் சந்தேகப்படாத பதில் அதுதான்.

உன் அம்மா